பக்கவாட்டில் வாசல் வைத்த தூக்கணாங்குருவி

வயல் நடுவே ஒரு பெரிய கிணறு. கிணற்றின் மேல் சாய்ந்தபடி ஒரு பனைமரம். அந்தப் பனையின் ஓலை நுனிகளில் தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் குடியிருந்தன.

கூடுகள் எல்லாம் கிணற்றுத் தண்ணீருக்கு நேர் மேலே தொங்கும். பாம்பு மரமேறி வந்தாலும் ஓலை நுனிக்கு வரத் தயங்கும். வழுக்கினால் தண்ணீருக்குள் அல்லவா விழ வேண்டும்! வாசலோ கீழ்ப்பக்கம், நீளக் குழாய் மாதிரி இருக்கும். காகம் எவ்வளவு வளைந்து நெளிந்தாலும் அதற்குள் அலகை விட முடியாது. உள்சுவரில் ஈரக் களிமண்ணை உருட்டி அப்பியிருப்பார்கள். அந்தக் கனம் இருந்தால்தான் காற்றடிக்கும்போது கூடு கூத்தாடாது. தூக்கணாங்குருவி என்று பிறந்தவர்கள் எல்லோரும் இப்படித்தான் கட்டுவார்கள்.

கோரையன் மட்டும் இப்படிக் கட்டவில்லை.

அவன் அந்தப் பனையிலேயே இல்லை. வயலுக்கு எதிர்ப்பக்கம், வரப்போரம் ஒற்றையாக நின்ற வேலமரத்தில் தனியாக இருந்தான். அலகு வேலையில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நெல் தாளை நூல் மாதிரி கிழிப்பான். அவன் போட்ட முடிச்சை அவனாலேயே அவிழ்க்க முடியாது. ஆனால் வாசலை மட்டும் கீழே வைக்க மாட்டான். பக்கவாட்டில், ஜன்னல் மாதிரி வைப்பான்.

பனையில் குடியிருந்த மிடுக்கன் என்கிற குருவி, தாள் கிழிக்க வரும்போதெல்லாம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவான்.

"என்ன மாப்பிள்ளை, குடும்பத்துக்கு வீடு கட்டுகிறாயா, காகத்துக்குச் சாப்பாட்டுத் தட்டு செய்கிறாயா?"

"காற்று வரட்டுமே என்று வைத்தேன்!" என்பான் கோரையன்.

"காற்று வரும், வரும்! வீட்டையே தூக்கிக்கொண்டு போக வரும்!"

வேலமரத்தில் ஒரு ஓணான் இருந்தது. யார் என்ன சொன்னாலும் அது தலையை ஆட்டும். மிடுக்கன் சொன்னதற்கும் ஆட்டியது. கோரையன் சொன்னதற்கும் ஆட்டியது.

கோரையன் காற்றுக்காகவா வாசலைப் பக்கத்தில் வைத்தான்? இல்லை. விஷயம் வேறு.

அவனும் அந்தப் பனையில் பிறந்தவன்தான். இறகு முளைத்த புதிதில் ஒரு நாள், அம்மா இரை தேடப் போயிருந்த நேரம், குழாய் வாசல் வழியாகத் தலையை நீட்டிக் கீழே பார்த்தான். அடியில் ஒரே இருட்டு. இருட்டுக்கு நடுவே வெள்ளையாக, வட்டமாக ஒன்று. வெள்ளைக்கு நடுவே சின்னதாக ஒரு கரும்புள்ளி. கோரையன் தலையை இந்தப் பக்கம் ஆட்டினான். புள்ளியும் இந்தப் பக்கம் வந்தது. அந்தப் பக்கம் ஆட்டினான். அதுவும் அந்தப் பக்கம் போனது.

'ஐயோ, கிணறு கண்ணை முழித்து என்னைப் பார்க்கிறது!'

அன்றைக்கு உள்ளே இழுத்த தலைதான். அதன்பிறகு பறக்கப் பழகும்போதும் கண்ணை மூடிக்கொண்டுதான் வெளியே குதித்தான். அக்கா தம்பிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "கிணறு எங்களை எல்லாம் விட்டுவிட்டு உன்னை மட்டும் பார்க்கிறதாம்! பெரிய அழகன்!" அதற்குப் பிறகு அவன் யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இப்போது அவன் வளர்ந்துவிட்டான். தலையும் மார்பும் மஞ்சள் மஞ்சேளென்று மின்னின. அது கண் இல்லை, தண்ணீரில் தெரிந்த வானம்தான் என்று அவனுக்குத் தெரியும். புள்ளி தன் தலைதான் என்றும் தெரியும். வயல் தண்ணீரில் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறான். தெரிந்து என்ன செய்ய? தெரிந்தது தலையில் இருந்தது. பயம் வயிற்றில் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. கீழே பார்க்கிற மாதிரி ஒரு வாசல் என்று நினைத்தாலே கண்ணை மூடிக்கொள்வான்.

பகலெல்லாம் பாதகமில்லை. வேலையில் பொழுது போய்விடும். சாயங்காலம்தான் பாடு. வெயில் தாழ்ந்ததும் பனையில் எல்லோரும் கூடுவார்கள். கத்தல், சண்டை, சிரிப்பு, பாட்டு! அவ்வளவும் வயலைத் தாண்டி வேலமரத்துக்கு வரும். கோரையன் தன் கூட்டின் மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பான். யாராவது ஒரு வேடிக்கை சொன்னால் இங்கே இவன் தனியாகச் சிரிப்பான். சிரித்து முடித்ததும் வேலமரம் முன்னைவிட அமைதியாகிவிடும். எல்லாக் குரலும் அடங்கிய பிறகும் அவன் பனை இருக்கிற திசையில்தான் பார்த்துக்கொண்டு இருப்பான்.

போன மழைக்கு அவன் கூட்டுக்கு யாரும் வரவில்லை. இந்த மழைக்குப் பெண் குருவிகள் சில வந்தன. ஒருத்தி வாசலைப் பார்த்தாள், சிரித்தாள், போனாள். இன்னொருத்தி, "முட்டை உருண்டால் நேராகக் கீழே போய்விடும், பரவாயில்லை, நல்ல வசதி!" என்றாள். கோரையன் சிறகை விரித்துத் தலைகீழாகத் தொங்கி ஆடிக் காட்டியதெல்லாம் வீண்.

கடைசியில் குன்றி வந்தாள்.

குன்றி என்றால் பனையில் எல்லோருக்கும் தெரியும். எத்தனையோ கூடுகளைப் பார்த்து, எதுவுமே பிடிக்கவில்லை என்று சொன்னவள். 'மகாராணி' என்று அவளுக்குப் பட்டப்பெயர். அவள் கோரையன் கூட்டுக்குள் தலையை விட்டாள். இந்தச் சுவரைப் பார்த்தாள். அந்தச் சுவரைப் பார்த்தாள். ஒரு நாரை இழுத்துப் பார்த்தாள். அது வரவில்லை.

"மண் வைக்கவில்லையா?" என்றாள்.

கோரையனுக்கு முகம் வாடிவிட்டது. "இதோ, வாய்க்காலுக்குப் போய் ஒரு நொடியில்..."

"வேண்டாம், வேண்டாம்! வேண்டவே வேண்டாம்!" என்று கத்தினாள் குன்றி. பிறகு தணிந்த குரலில், "இப்படியே அழகாகத்தான் இருக்கிறது" என்றாள்.

"வாசல் பக்கத்தில் இருக்கிறதே, பரவாயில்லையா?"

"இருக்கட்டும். உனக்குப் பிடித்துத்தானே வைத்தாய்?"

கோரையனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவள் ஏன் மண் வேண்டாம் என்கிறாள் என்று அவன் கேட்கவில்லை. அவன் ஏன் வாசலைப் பக்கத்தில் வைத்தான் என்று அவளும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் அன்பு என்று இருவரும் நினைத்துக்கொண்டார்கள்.

"பொருத்தம் என்றால் இதுதான் பொருத்தம், இல்லையா மாமா?" என்று ஓணானிடம் கேட்டான் கோரையன். ஓணான் தலையை ஆட்டியது.

குன்றி மூன்று முட்டை இட்டாள். வெள்ளை வெளேரென்று, மல்லிகை மொட்டு மாதிரி. கோரையன் சாயங்காலத்தில் பனைப் பக்கம் பார்ப்பதைக்கூடக் குறைத்துக்கொண்டான். 'நம் வீட்டிலும் சத்தம் கேட்கத்தானே போகிறது' என்று நினைத்துக்கொண்டான்.

ஒரு நாள் மத்தியானம் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் காற்று வந்தது. சும்மா வரவில்லை, வயலையே படுக்கப் போட்டுக்கொண்டு வந்தது!

கனமில்லாத கூடு என்ன செய்யும்? சுழன்றது. குதித்தது. கிளைக்குக் கிளை மோதியது. முடிச்சு ஒன்றுகூட அவிழவில்லை, அது வேறு விஷயம். ஆனால் கூடு ஒருபக்கமாகச் சாய்ந்தது. வாசல் இருந்த பக்கம் கீழே வந்தது.

"கோரையா! வாசலை அடை! வாசலை அடை!" என்று உள்ளே இருந்து அலறினாள் குன்றி.

அவன் தன் உடம்பையே வாசலில் வைத்து அடைத்தான். காற்று அவனைப் பிய்த்து எறிந்தது. மறுபடி வந்தான். ஒரு முட்டை போனது. இன்னொன்று போனது. கடைசி முட்டை உருண்டு வந்து அவன் மார்பில் முட்டி, சிறகைத் தடவிக்கொண்டு கீழே போய்விட்டது. அதன் சூடு மட்டும் மார்பில் ஒட்டிக்கொண்டு நின்றது.

மழை வந்து எல்லாவற்றையும் கழுவிவிட்டுப் போனது. கிளையில் இருவரும் நனைந்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

"எந்தக் குருவியாவது பக்கத்தில் வாசல் வைக்குமா?" என்றாள் குன்றி.

"மண் வேண்டாம் என்று கத்தியது யார்?" என்றான் கோரையன்.

"முதலில் நீ சொல். ஏன் வைத்தாய்?"

"முதலில் நீ சொல்!"

"சொன்னால் சிரிப்பாய்."

"இன்றைக்கா சிரிக்கப் போகிறேன்?"

குன்றி நனைந்த சிறகை ஒடுக்கிக்கொண்டாள். மெல்லச் சொன்னாள்.

"நான் குஞ்சாக இருந்தபோது என் தலைக்குப் பக்கத்தில்தான் அந்த மண் உருண்டை இருக்கும். பார்த்தால் கண் இல்லாத முகம் மாதிரி இருக்கும். நாளுக்கு நாள் அது எனக்குக் கிட்டே வந்தது. ஒரு நாள் என் கன்னத்தைத் தொட்டுவிட்டது! நான்தான் வளர்ந்தேன் என்று அம்மா சொன்னாள். வளர்ந்தது நானா, அதுவா, எனக்கு இன்னும் நிச்சயமாகத் தெரியவில்லை. மண் வைத்த கூட்டுக்குள் போனால் மூச்சு முட்டுகிறது. மகாராணி, மகாராணி என்கிறார்களே, நான் ராணியும் இல்லை, ஒன்றும் இல்லை. பயந்தவள்!"

கோரையனும் கிணற்றின் கண்ணைப் பற்றிச் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை.

"புல்லெல்லாம் காய்ந்து பின்ன முடியாமல் போவதற்குள் இன்னொரு கூடு வேண்டும். இந்த மரத்தில் மறுபடியும் முட்டையிட என்னால் முடியாது. நான் பனைக்குப் போகிறேன். நீயும் வா!" என்றாள் குன்றி.

கோரையன் கிணற்றுப் பக்கம் பார்த்தான்.

"என்னால் முடியாது, குன்றி."

அவள் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாள். பிறகு பறந்து போனாள்.

அன்றிலிருந்து சாயங்காலம் வந்தால் கோரையன் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தான். முன்பெல்லாம் மொத்தச் சத்தத்தையும் கேட்பான். இப்போது அவ்வளவு சத்தத்துக்குள் ஒரே ஒரு குரலைத் தேடினான். அந்தக் குரல் வரவேயில்லை. பேச்சு இருந்தது, சிரிப்பு இருந்தது, குன்றி மட்டும் இல்லை.

"அவளோடு போயிருக்கலாம், மாமா" என்றான். ஓணான் தலையை ஆட்டியது.

"எப்படிப் போக முடியும்? போக முடியாது!" என்றான். அதற்கும் ஆட்டியது.

கோரையனுக்குக் கோபம் வந்துவிட்டது. "எதற்குத்தான் நீ தலையாட்ட மாட்டாய்?"

"நான் எங்கே அப்பா ஆட்டினேன்? என் கழுத்து அப்படி!" என்றது ஓணான். சொல்லும்போதும் ஆட்டியது.

மறுநாள் மிடுக்கன் தாள் கிழிக்க வந்தான். "உன் மகாராணிக்கு என்ன கோளாறு மாப்பிள்ளை? என் கூட்டைப் பார்த்து ஊரே வாயைப் பிளக்கிறது. அவள் வாசல்வரை வருகிறாள், தலையை விடுகிறாள், உடம்பெல்லாம் உதறிக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்துவிடுகிறாள்! யாரோடும் பேச்சில்லை. ராத்திரி ஓலைமேல் நனைந்துகொண்டே தூங்குகிறாள். திமிரைப் பார்!"

"திமிர் இல்லை" என்றான் கோரையன்.

"பின்னே?"

சொல்லக்கூடாத விஷயம் அது. ஆனால் மிடுக்கன் போன பிறகு கோரையனால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. பனையில் அத்தனை பேர் இருக்கிறார்கள், அவள் ஏன் நடுங்குகிறாள் என்று ஒருவருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஒருவன் வயலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறான்!

கோரையன் ஒரு நெல் தாளைக் கிழித்து அலகில் கவ்வினான். பறந்தான்.

பனையில் ஒரே ஆரவாரம். "அடடே, வேலமரத்துக்காரர் வந்திருக்கிறார்! வாசலைக் கையோடு கொண்டு வந்தாயா மாப்பிள்ளை?" என்று கத்தினார்கள். கோரையன் காதில் வாங்கவில்லை. ஆளில்லாத ஓர் ஓலை நுனியைப் பிடித்தான். முடிச்சுப் போடத் தலைகீழாகத் தொங்க வேண்டும். தொங்கினான்.

அடியில் இருட்டு. இருட்டுக்கு நடுவே வெள்ளை வட்டம். வட்டத்துக்கு நடுவே புள்ளி. அது அப்படியேதான் இருந்தது. இத்தனை காலமும் இமைக்காமல் அவனுக்காகவே காத்திருந்த மாதிரி இருந்தது.

கோரையன் கண்ணை இறுக மூடிக்கொண்டு முடிச்சுப் போட்டான். போட்டு முடித்து நகரப் பார்த்தால் நகர முடியவில்லை. ஓலையோடு சேர்த்துத் தன் காலையே கட்டியிருந்தான்!

பனை முழுக்கச் சிரித்தது. "வீட்டுக்குப் பதில் ஆளையே தொங்கவிட்டுவிட்டான்!" என்று மிடுக்கன் குட்டிக்கரணம் போட்டான்.

பக்கத்து ஓலையில் வந்து உட்கார்ந்தாள் குன்றி. அவள் சிரிக்கவில்லை. அலகால் அந்த முடிச்சைக் கொத்தி அறுத்து, அவன் காலை விடுவித்தாள். பிறகு யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்.

"நீ முடிச்சைப் பார். கிணற்றை நான் பார்த்துக்கொள்கிறேன்."

"என்ன?"

"நான் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அது ஏதாவது செய்தால் உடனே சொல்கிறேன். நீ வேலையைப் பார்!"

கோரையன் மறுபடி தொங்கினான். கண்ணைத் திறந்தான். முடிச்சை மட்டும் பார்த்தான்.

"என்ன செய்கிறது?" என்றான், அலகில் தாளை வைத்துக்கொண்டே.

"சும்மா இருக்கிறது."

"என்னைத்தானே பார்க்கிறது?"

"இல்லை. நான் எட்டிப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன் அல்லவா? இப்போது என்னைத்தான் பார்க்கிறது."

முதல் முடிச்சு விழுந்தது. இரண்டாவது விழுந்தது. வளையம் வந்தது. கூரை வந்தது. குன்றி கிணற்றை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மற்ற குருவிகள் சிரித்துச் சிரித்து அலுத்துப் போய், அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

சுவர் எழும்பியதும் கோரையன் வாய்க்காலுக்குப் போய் ஈரக் களிமண் கொண்டு வந்தான். அதைப் பார்த்ததுமே குன்றிக்கு இறகு சிலிர்த்துக்கொண்டது.

"எங்கே வைக்கப் போகிறாய்?"

"நீ எங்கே உட்காருவாய், சொல். உன் முதுகுப் பக்கம் வைக்கிறேன்."

"முதுகுப் பக்கமா? அது வளர்ந்தால் எனக்குத் தெரியாதே!"

கோரையன் யோசித்தான். "அப்படியானால் உன் கண்ணுக்கு எதிரே வைக்கிறேன். தினமும் காலையில் நான் வந்து அலகால் அளந்து பார்த்துச் சொல்கிறேன். ஒரு மயிரிழை வளர்ந்திருந்தாலும் பிய்த்துக் கிணற்றில் போட்டுவிடலாம்."

"சத்தியமாக?"

"சத்தியமாக!"

மண் ஒட்டியது. பிறகு குழாய் வாசல் கீழே இறங்கியது. அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமான வேலை. கிணற்றுக்கு நேராகத் தொங்கிக்கொண்டுதான் பின்ன வேண்டும். கோரையன் நடுங்கிக்கொண்டே பின்னினான். நடுங்கிப் பின்னியதால் குழாய் கொஞ்சம் கோணலாக வந்தது. அவன் வாழ்க்கையில் கட்டிய கூடுகளிலேயே அழகில் குறைந்தது அதுதான். குன்றி அதற்குள் போனாள். பிறகு உள்ளேயிருந்து, "வா, அளந்து சொல்!" என்று ஒரு குரல் வந்தது.

புல் காய்வதற்குள் குன்றி மறுபடியும் முட்டையிட்டாள். இரண்டுதான். அதன்பிறகும் காற்று வந்தது, வராமல் இருக்குமா? கூடு ஆடியது. ஆனால் கூத்தாடவில்லை. மண்ணின் கனம் அதைப் பிடித்துக்கொண்டது. முட்டைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. பிறகு இரண்டு வாய்கள் பசி பசி என்று கத்தத் தொடங்கின.

சரி, பயம் போய்விட்டதா? எங்கே போகும்! கோரையன் குழாயில் நுழையும்போதெல்லாம், "இன்றைக்கு அது எப்படி இருக்கிறது?" என்று கேட்பான். "முழித்துக்கொண்டுதான் இருக்கிறது, நீ ஏறி வா!" என்பாள் குன்றி. தினமும் காலையில் அவள், "மண்?" என்பாள். அவன் அலகை வைத்துப் பார்த்து, "நேற்று இருந்த அளவுதான்" என்பான்.

சில சாயங்காலங்களில், பனையில் எல்லோரும் கத்திச் சிரிக்கும் நேரத்தில், கோரையன் மட்டும் பேச்சை நிறுத்திவிட்டு வயலுக்கு அந்தப் பக்கம் பார்ப்பான். வேலமரத்து அடியில் புல் அடர்ந்து வளர்ந்திருந்தது. மூன்று முட்டைகளும் விழுந்த இடம் எது என்று இங்கிருந்து தெரியாது. தெரியாவிட்டாலும் பார்ப்பான். குன்றி அவனை ஒட்டி வந்து உட்கார்ந்து, அவளும் பார்ப்பாள்.

சின்ன வயதுப் பயம் நம்மைவிட்டுப் போகாவிட்டால் அதுவும் நம் வீட்டில் ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அதற்கு ஏற்ற மாதிரி வீட்டைக் கட்டிவிடக் கூடாது.